கேட்ட பிறகு பேசக் கூடாது

பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறி அங்கே வருகிறவர்கள் குறைவு. அங்கிருந்து ஆட்கள்தான் இறங்கிப் போவார்கள், எப்போதோ படித்துவிட்டுப் போனவர்களைத் தேடி.

அங்கே வேலை பார்த்தவனுக்கு வாழ்த்து என்று பட்டப்பெயர். பழைய மாணவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதுவது அவன் வேலை. காலையில் வந்ததும் அன்றைக்குப் பிறந்தவர்களை எடுப்பான். அவர்களில் இறந்துபோனவர்களைக் கழிப்பான். மிச்சம் இருப்பவர்களுக்கு எழுதுவான். கழிப்பதில் எப்போதாவது தவறிவிடும். ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, "அவர் போய்ச் சேந்து வருஷம் திரும்பிடுச்சுங்க" என்பார். வாழ்த்து எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பான். தொலைபேசிக்கு எழுந்து நிற்கிற மனிதன்.

பக்கத்து மேசைக்காரர் பழைய மாணவர் சந்திப்புகளுக்குப் பந்தலும் சாப்பாடும் ஏற்பாடு செய்கிறவர். அவரை விருந்துக்காரர் என்பார்கள். "செத்தவனுக்கு நூறாண்டு வாழ்கன்னு எழுதுறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா" என்பார். சொல்லிவிட்டு அவனுக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிவரப் போவார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் புதிய நூலகம் தெரியும். அஸ்திவாரம் மட்டும் போட்டு நின்றிருந்தது. மழை பிடித்த வாரத்தில் அதில் தண்ணீர் நிரம்பித் தவளைகள் கத்தத் தொடங்கின. "வாசகர்கள் வந்தாச்சு. கட்டடம்தான் பாக்கி" என்றார் விருந்துக்காரர்.

கட்டடம் எழும்பவில்லை என்றால் யாரோ சரியாகக் கேட்கவில்லை என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்பது எப்படி என்று அலுவலகத்தாருக்குப் பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தார்கள். தோளில் சால்வை, காலில் விளையாட்டு வீரர்கள் போடுகிற மாதிரி காலணி. ஆயுசெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கேட்டே வாழ்ந்தவர். முதல் நாளே பயிற்சியம்மா ஆகிவிட்டார்.

"முதல் விஷயம்" என்று மேசையைத் தட்டினார். "நீங்க குடுத்திருக்கணும். உங்களால என்ன முடியுமோ அது. குடுக்காதவன் கேக்கக் கூடாது. கேட்டா குரல்லயே தெரிஞ்சிடும்."

மற்றவை அதன் பின்னால் வந்தன. யாரிடம் கேட்கப் போகிறோமோ அவரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே உட்காரக் கூடாது. "அது போலீஸ் விசாரணை. மேசை மூலையில, பக்கவாட்டுல நாற்காலியைப் போடுங்க." நம் கஷ்டத்தில் தொடங்கக் கூடாது. இந்த இடம் அவருக்கு என்ன கொடுத்தது என்று அவருக்கே நினைவுபடுத்த வேண்டும். பிறகு இன்னது வேண்டும் என்று மென்று விழுங்காமல் கேட்டுவிட வேண்டும்.

"கேட்டாச்சா? வாயை மூடுங்க. அப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த அமைதி இருக்கே, உயிர் போற மாதிரி இருக்கும். போகட்டும். யார் முதல்ல வாயைத் திறக்கிறாங்களோ அவங்கதான் குடுக்கப் போறவங்க."

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது வாழ்த்து இதையெல்லாம் நடித்துக் காட்டினான்.

வீடு ஒரு சலவைக் கடையின் பின்புறத்தில் இருந்தது. பகல் முழுக்க யந்திரம் ஓடும் அதிர்வு சுவரில் இருக்கும். கூடத்தை ஒட்டிய அறையில் அப்பாவின் கட்டில். அறை சின்னது, கட்டில் பெரிது. கால்மாடு வாசலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்த முடியாது. வீட்டில் யார் எது பேசினாலும் அப்பாவுக்குக் கேட்கும். அப்பா விடும் குறட்டை எல்லாருக்கும் கேட்கும்.

அப்பா பஸ் ஓட்டுநராக இருந்தவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "அத்தாம் பெரிய பஸ்ஸை ஒத்தைக் கையால திருப்பினவன். இப்ப என்னைத் திருப்ப ஒரு ஆள் வேணும்" என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஒரு ஆள் வாழ்த்துவின் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள். கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்களை அவள் தட்டினாளா, அவளை அவர்கள் தட்டினார்களா என்று இப்போது யாரும் பேசுவதில்லை. விரல் நுனிகளில் வெள்ளைத் தூள் படிந்தே இருக்கும். வேலைக்குப் போகுமுன் அப்பாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவாள். மதியம் கடையிலிருந்து ஓடிவந்து திருப்பிப் போட்டுவிட்டு ஓடுவாள். மாலையில் மறுபடி.

பயிற்சியம்மாவைப் போல மூக்கைத் தூக்கி வாழ்த்து நடித்தபோது அவன் மனைவிக்குப் புரையேறியது. தங்கை அண்ணியின் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். உள்ளேயிருந்து அப்பாவும் சிரித்தார்.

"டேய், பஸ்ஸுல டிக்கெட் கேக்கிறதும் அப்படித்தான்டா. கேட்டுட்டுக் கண்டக்டர் பேசாம நிப்பான். எடுக்காதவனும் எடுப்பான்" என்றார்.

"எப்படிக் கேக்கிறதுன்னு சரி. எப்படி நன்றி சொல்றதுன்னு சொல்லித் தரலையா அந்தம்மா?" என்றாள் தங்கை.

"அது அடுத்த வகுப்பாம். நன்றியை ஒழுங்கா சொன்னாத்தான் மறுபடி போய்க் கேக்க முடியுமாம்."

"நல்ல பொழப்புண்ணா."

சாப்பாடு முடிகிற நேரத்தில் அவள் தன் செய்தியைச் சொன்னாள். கண்ணாடிக் கடை முதலாளி துறைமுக நகரத்தில் பெரிய பட்டறை திறக்கிறார். வில்லைப் பகுதிக்கு அவளைத் தலைமையாகக் கூப்பிடுகிறார். தங்க அறை தருவார்கள். இந்த வார முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். "ஜன்னலைத் திறந்தா கப்பல் தெரியுமாம்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அடுப்படியில் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க, நான் செய்ய மாட்டேன்னு சொல்லல. மாமா என்னைத் தொட விடமாட்டேங்கிறார். போர்வையை எடுத்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கிறார். மருமக கையால இதெல்லாமான்னு அவருக்கு."

"ஆள் வச்சுப் பார்ப்போம்."

"வச்சோமே. தண்ணி டம்ளரைத் தூக்கி எறிஞ்சாரே. அந்தாள் அன்னைக்கே போகலையா?"

"அப்ப?"

"நீங்களே அவகிட்டக் கேளுங்க. கூடப்பிறந்தவர். நான் கேட்டா நாளைக்கு அண்ணி தடுத்தான்னு ஆகும்."

அவன் தலையாட்டினான். தானே அப்பாவைத் திருப்பலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பயிற்சியம்மா ஆளுக்கொரு சோதனை வைத்தார். யாரிடம் கேட்க ரொம்ப பயமோ அவரை நினைத்துக்கொண்டு கேட்டுப் பழக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அந்த ஆளாக நடிப்பார். வாழ்த்துவுக்கு விருந்துக்காரர் அமைந்தார்.

"நான் யாருய்யா? ஆம்பளையா, பொம்பளையா?"

"ஒரு பழைய மாணவி. வெளியூர் போகப் போறாங்க. போறதுக்கு முன்னாடி கேக்கணும்."

"பணக்காரியா?"

"இல்ல. ஆனா அவங்ககிட்ட இருக்கிறது வேற யார்கிட்டயும் இல்ல."

விருந்துக்காரர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு இடுப்பை ஒடித்து உட்கார்ந்தார். அறை சிரித்தது. வாழ்த்து சிரிக்கவில்லை. நாற்காலியை மூலைக்கு நகர்த்தினான். இந்த இடம் உங்களைச் சின்ன வயதில் தாங்கியது என்றான். இப்போது இந்த இடத்துக்கு உங்களைத் தவிர ஆள் இல்லை என்றான். கேட்டான். வாயை மூடினான். விருந்துக்காரர் முதலில் கண்ணடித்தார். பிறகு மூக்கைச் சொறிந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு, "யோவ், எடுத்துக்கய்யா, எது வேணுமோ எடுத்துக்க. இப்படிப் பாக்காதே" என்றார்.

பயிற்சியம்மா கை தட்டினார். "பாத்தீங்களா? இவருக்கு இது கூடவே பிறந்திருக்கு."

அன்று மாலை மழை விட்டிருந்தது. மனைவி சாமான் வாங்க வெளியே போனாள். போகும்போது அவனைப் பார்த்துவிட்டுப் போனாள். தங்கை வேலையிலிருந்து வந்து, அப்பாவைத் துடைத்து, திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே குறட்டை கேட்டது. அவன் தேநீர் போட்டு எடுத்துவந்தான். அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து மேசை மூலையில் போட்டு உட்கார்ந்தான்.

"நீ மாடிப்படியில விழுந்து காலை உடைச்சுக்கிட்டியே, ஞாபகம் இருக்கா?"

"ம்."

"அப்பா உன்னைத் தூக்கிக்கிட்டே திரிஞ்சாரு."

"தூக்கிக்கிட்டு இல்ல. பஸ்ஸுல, அவரு சீட்டுக்குப் பக்கத்துல உக்காத்தி வச்சுக்கிட்டாரு. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் எல்லா நடைக்கும் அவர்கூடவே போனேன். ஹாரன் நான்தான் அடிப்பேன்." அவள் முகம் மலர்ந்தது. "ஒரு தடவை செக்கிங் வந்தவர் யாரு இந்தப் பிள்ளைன்னு கேட்டாரு. இவதான் டிரைவர், நான் சும்மா சக்கரத்தைப் பிடிச்சிருக்கேன்னு சொன்னாரு."

"இப்பவும் அப்படித்தான். உன் கையைத் தவிர யார் கையும் அவருக்கு ஆகல."

அவள் விரல் நுனியில் இருந்த வெள்ளைத் தூளைத் தேய்த்தாள்.

"நீ அந்த வேலைக்குப் போகாம இங்கயே இருக்கணும்மா. அப்பா இருக்கிற வரைக்கும். இதுதான் நான் கேக்கிறது."

வாயை மூடினான்.

முன்புறக் கடையில் சலவை யந்திரம் சுற்றி முடித்து நின்றது. அதிர்வு நின்றதும் வீடு ஏதோ இறக்கி வைத்ததுபோல் ஆனது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளேயும் சத்தமில்லை. தங்கை தேநீரின் மேல் படிந்த ஆடையை விரலால் எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் தடவினாள். ஒருமுறை அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். அவன் மூச்சை விடாமல் இருந்தான். வேண்டாம், நீ போ என்று ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பேசக் கூடாது என்று பல்லைக் கடித்தான்.

"சரிண்ணா" என்றாள். "டீ ஆறிடுச்சு."

எழுந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் முதலில் உணர்ந்தது சந்தோஷம். வேலை ஒழுங்காக முடிந்த சந்தோஷம். நாளை விருந்துக்காரரிடம் சொல்லலாம் என்றுகூட நினைத்தான். யாரைப் பற்றிச் சொல்வது என்று யோசித்தபோதுதான், எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டான்.

அடுத்த நாளே அவள் முதலாளியிடம் சொல்லிவிட்டாள். பட்டறை வேலைக்கு அவளிடம் தொழில் கற்ற பெண் போனாள். வீடு பழையபடி நடந்தது. மதியம் ஓடிவந்தாள், ஓடினாள். கோபப்படவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டில் அவனுக்குப் பெரிய முட்டையாகவே பார்த்து வைத்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, கப்பலை யாரும் பார்க்கவில்லை என்றால் அது நின்றுகொண்டா இருக்கும் என்று அப்பா என்னவோ வேடிக்கை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாழ்த்து தட்டோடு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான்.

அலுவலகத்தில் அவன் கை ராசியானது என்று பேச்சு வந்தது. இரண்டு பழைய மாணவர்களைப் போய்ப் பார்த்தான். நாற்காலியைப் போட்டான், கேட்டான், வாயை மூடினான். இரண்டு பேரும் கொடுத்தார்கள். நூலக அஸ்திவாரத்திலிருந்து தண்ணீரை இறைத்தார்கள். தவளைகளைக் காணோம்.

குளிர் தொடங்கியபோது பயிற்சியம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை பாடம், நன்றி சொல்வது. தொடங்குமுன், போன முறை படித்ததை யாராவது சொல்லுங்கள் என்றார். எல்லாரும் வாழ்த்துவைக் காட்டினார்கள். அவன் எழுந்து நின்று சொன்னான். ஆளைத் தெரிந்துகொள்வது, நாற்காலி, நினைவுபடுத்துவது, கேட்பது, அமைதி.

"பிரமாதம். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்களே. முதல் விஷயம்?"

அவன் விரல்விட்டு மறுபடி எண்ணினான்.

"நீங்க என்ன குடுத்தீங்க?" என்றார். பாடத்துக்காகக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"அவன் சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கிறாங்கம்மா" என்று விருந்துக்காரர் எடுத்துக் கொடுத்தார். அறை முழுக்கச் சிரித்தது.

பயிற்சியம்மாவும் சிரித்துவிட்டு, கேட்டபின் எதுவும் பேசாமல் அவனையே பார்த்தார். அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது போல. அவன் முதலில் வாயைத் திறந்தான்.

"ஒண்ணும் இல்லைங்க."

உட்காரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு மூன்று மாடியும் இறங்கி வீட்டுக்கு வந்தான்.

தங்கை கொல்லையில் அப்பாவின் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். அன்று கண்ணாடிக் கடைக்கு விடுமுறை.

"என்னண்ணா, பாதியில?"

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

அவள் கையை உதறிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். "பேசு. நாற்காலியை எங்க போடணும்? மூலையிலயா?"

அவன் நின்றபடியே இருந்தான். "உனக்குத் தெரியுமா?"

"நீதானே தட்டுல சோத்தை வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா நடிச்சுக் காட்டினே? நீயே டீ போட்டு எடுத்துட்டு வந்தப்பவே தெரியும். இந்த வீட்டுல நீ என்னைக்கு டீ போட்டிருக்கே?"

"தெரிஞ்சும் ஏன் சரின்னு சொன்னே?"

"முதல் விஷயம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்." கை ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். "நான் பாதி பாத்துக்கிறேன்னு சொல்லுவே. இல்ல காலையில குளிப்பாட்டுறது என் பொறுப்புன்னு. இல்ல, பழகிப் பாக்கிறேன், கொஞ்ச நாள் இருன்னு. ஏதாவது ஒண்ணு. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். உனக்கு ஒரு துணிகூடப் பிழியத் தெரியாதுன்னு கத்தியிருப்பேன். கத்திட்டுப் போயிருப்பேன். நீ ஒண்ணும் கொண்டு வரல. வெறுங்கையோட வந்து உக்காந்தே. வெறுங்கையோட வந்தவன்கிட்ட என்னன்னு சண்டை போடறது?"

"இப்பக் கத்து."

"இப்ப எதுக்கு?"

"நான் உன் முதலாளியைப் பாத்துப் பேசறேன்."

"அங்க ஆள் போயாச்சு. அவளுக்கு மூட்டை கட்டிக் குடுத்ததே நான்தான். கப்பல் தெரியுதாம். சின்னதாத் தெரியுதாம்."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நீ செஞ்சதுக்கு நான்..." என்று தொடங்கினான்.

"நன்றி கின்றின்னு எதாவது சொன்னே, விரிப்பால அடிப்பேன். அதுக்கு அப்புறம் என்ன வரும்னும் நீதான் சொல்லியிருக்கே."

இந்தத் தடவை கேட்கிறதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. வெறும் அமைதி. சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

"யாராவது பேசித் தொலைங்களேன்" என்றார் அப்பா உள்ளேயிருந்து. "முதுகு எரியுது. திருப்பி விடுங்க."

தங்கை கிளம்பினாள். அவன் அவளைத் தாண்டிப் போனான்.

"நீயாடா?" என்றார் அப்பா. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எறிவதற்கு டம்ளர் பக்கத்தில் இல்லை.

அவன் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தான். அப்பா இவ்வளவு கனப்பார் என்று அவனுக்குத் தெரியாது. பாதி திரும்பி மறுபடி மல்லாந்தார். "அம்மாடி" என்று வலியில் முனகினார்.

"முதல்ல முட்டியை மடக்கு" என்றாள் தங்கை கூடத்திலிருந்து. அவள் உள்ளே வரவில்லை. "மடக்கிட்டு இடுப்பைப் பிடி. தோளைப் பிடிச்சு இழுக்காதே, கழண்டுடும். தலையணையை முதுகுக்கு அண்டக் குடு. இன்னொண்ணு ரெண்டு முட்டிக்கும் நடுவுல."

அவள் சொன்னபடி செய்தான். அவனுக்கு வியர்த்துவிட்டது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார். முதுகில் ஒரு இடம் சிவந்திருந்தது. அதில் தடவுவதற்கு என்ன வைத்திருக்கிறாள், எங்கே வைத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றான். கொல்லையில் அவள் விரிப்பை உதறும் சத்தம் கேட்டது.

"டேய்" என்றார் அப்பா சுவரிடம், மெதுவாக. "அன்னைக்கு நீ அவகிட்டக் கேட்டியே. நான் தூங்கலடா. அவ போயிடுவாளோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

"தெரியும்ப்பா" என்றான்.

கேட்டுவிட்டு வாயை மூடியிருந்தபோது, உள்ளே குறட்டை நின்றதை அவன் கவனித்திருந்தான். அப்பா விழித்திருப்பது அவளுக்கும் தெரிந்துவிடும், அவர் காதுபட அவளால் போகிறேன் என்று சொல்ல முடியாது என்பதால்தான் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான்.